கோடிங் தியரியும் ஒரு உளுந்து வடையும்

இங்கிலாந்தில் கணிதம் படிக்கும் என் சித்தியின் மகள் போன கிழமை போன் எடுத்தாள். "அண்ணா, மூன்றாம் வருஷத்துக்கு ஆப்ஷன் தெரியவேணும். கோடிங் தியரிக்கு அம்மா ஓம் எண்டுட்டா. ஜியோமெட்ரிக் டோப்பாலஜியைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய் எண்டு கேக்கிறா."

சிரிப்பு வந்தது. என் காலத்திலும் எங்கள் வீட்டில் இதே கதைதான். 'கோடிங்' என்றதும் அப்பா புரோகிராம் எழுதும் பாடம் என்று நினைத்தார். நானும் திருத்தவில்லை. டோப்பாலஜியை விட்டுவிட்டேன். பிறகு பொறியியலில் மாஸ்டர்ஸ், ஐடி வேலை. குறையொன்றும் இல்லை. ஆனாலும் அந்த முடிவு பிழை என்றுதான் இன்று நினைக்கிறேன்.

உண்மையில் கோடிங் தியரி புரோகிராம் எழுதும் பாடம் இல்லை. வழியில் பழுதாகும் செய்தியை எப்படித் திருத்துவது என்பதே அதன் கேள்வி. 90களில் அம்மா கொழும்பில் இருந்த பெரியம்மாவுக்கு, இரையும் டெலிபோன் லைனில் ஒவ்வொரு இலக்கத்தையும் மூன்று தரம் கத்திச் சொல்லுவார். இரண்டு தரம் சொன்னால் எங்கோ பிழை என்று மட்டும் தெரியும். மூன்று தரம் சொன்னால், ஒத்துப்போகும் இரண்டை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த முறையில் 4 பிட் அனுப்ப 12 பிட் வேண்டும். பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட முறைக்கு 7 போதும். 4 பிட் செய்தி, 3 பிட் சோதனை. மூன்று சோதனைகளுக்கு 8 விடைகள் வரலாம்: 'பிழை இல்லை' என்பது ஒன்று, 'இந்த இடத்தில் பிழை' என்பது ஏழு. ஒரு விடைகூட வீணில்லை! கொஞ்சம் கிழிந்த கியூஆர் கோடையும் உங்கள் போன் வாசிக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது 1960இல் ரீடும் சாலமனும் தந்த இன்னொரு முறை.

இனி டோப்பாலஜி. ஒரு பந்தின் மேல் நூல் வளையம் ஒன்றை வையுங்கள். அதை இழுத்து இழுத்து ஒரு புள்ளியாக்கிவிடலாம். உளுந்து வடையில் அப்படி முடியாது. ஓட்டையைச் சுற்றிப் போகும் வளையமும் ஓட்டைக்குள்ளால் போய் வரும் வளையமும் சுருங்கவே மாட்டா. வடையை எவ்வளவு நெளித்தாலும், பிய்க்காதவரை இது மாறாது. எது மாறினாலும் எது மாறாது என்று தேடுவதே இந்தப் பாடம்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு? 1997இல் அலெக்ஸி கிட்டாயெவ் இரண்டையும் சேர்த்தார். வடை வடிவப் பரப்பில் கியூபிட்களை அடுக்கி, செய்தியை அந்தச் சுருங்காத வளையங்களில் ஒளித்து வைத்தார். அங்கங்கே நடக்கும் சின்னப் பிழைகள் செய்தியைத் தொடாது. அதைக் கெடுக்க, பிழை வடையைச் சுற்றி முழுவதும் போகவேண்டும். இதிலிருந்து வளர்ந்த சர்ஃபேஸ் கோட் இன்று குவாண்டம் கணினி கட்டுபவர்களின் முக்கியமான வழிகளில் ஒன்று.

சில வருஷங்களுக்கு முன் இதை வாசிக்க உட்கார்ந்தேன். பாதி விளங்கியது, மறுபாதியில் நின்றுவிட்டேன். வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டிருக்கக்கூடியதை, வேலை முடிந்து களைத்த இரவுகளில் தனியே படித்தேன்.

சித்தியின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு வேலை என்பது பாதுகாப்பு. ஆனால் என்னை வேலைக்கு எடுத்த ஒருவரும் மூன்றாம் வருஷத்தில் என்ன ஆப்ஷன் எடுத்தாய் என்று கேட்கவில்லை. முன்பின் தெரியாத பிரச்சினையைத் தந்து, எப்படி யோசிக்கிறாய் என்றுதான் பார்த்தார்கள். அந்தப் பழக்கத்தை இரண்டு பாடங்களும் தரும்.

ஆகவே தம்பி தங்கச்சிமாரே, பாடத்தின் பெயரை வைத்துத் தெரியாதீர்கள். அது என்ன கேள்வி கேட்கிறது என்று பாருங்கள். அந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாவிட்டால் எடுங்கள். லீனியர் அல்ஜீப்ராவை மட்டும் முதலே நன்றாகப் படித்துவிடுங்கள், இரண்டுக்கும் அதுதான் அத்திவாரம்.

தங்கச்சிக்கு இரண்டையும் எடு என்றேன். என்னைப்போல் பெயரைக் காட்டி ஏமாற்றாமல், சித்திக்கு உள்ளதைச் சொல்லச் சொன்னேன். சித்தி வடை சுடும் நாளாகப் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.