கிகாலியில் மட்டும் தங்கிவிடாதீர்கள்



வருகிற ஆகஸ்டு மாதம் நம் சபையிலிருந்து பதினான்கு பேர் ருவாண்டா நாட்டிற்குச் செல்ல ஆயத்தமாகிறார்கள் என்பதை அறிவீர்கள். பயண முகவர் கொடுத்த நிகழ்ச்சி நிரல் என் கைக்கும் வந்தது. மொத்தம் எட்டு இரவுகள். எட்டும் தலைநகரமாகிய கிகாலியில். மற்ற இடங்களெல்லாம் காலையில் போய் மாலையில் திரும்பும் இடங்கள். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் குழுவிலுள்ள சகோதரர் ஒருவர், "ஐயா, சின்ன நாடுதானே, எந்த ஊரில் தங்கினால் என்ன?" என்று கேட்டார். ஆலய வாசலில் நின்றபடியே சொல்லிவிடக்கூடிய பதில் அதற்கு இல்லை. ஆகவே இந்த வாரத் தியானத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

தங்குமிடம் அற்பமான காரியம் அல்ல. எழுபது பேரை அனுப்பினபோது ஆண்டவர் எங்கே தங்க வேண்டும் என்பதையும் சொல்லியே அனுப்பினார். பணப்பையைப் பற்றிய கட்டளை நம் நினைவில் நிற்கிறது. ஒரு வீட்டில் நிலைத்துத் தங்கும்படி சொன்னதை எளிதாகக் கடந்துவிடுகிறோம்.

நாடு சிறியது என்பது உண்மை. பரப்பளவு 26,338 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அது முழுவதும் மலை. சாலைகள் நல்ல தார்ச்சாலைகளே என்றாலும் வளைந்து வளைந்தே செல்லும். வரைபடத்தில் ஒரு விரற்கடை தூரத்தில் தெரியும் ஊருக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவன் ஆறு மணி நேரம் வண்டியிலும் ஒரு மணி நேரம் ஊரிலும் இருப்பான்.

கிகாலியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1907-இல் ஜெர்மானியர் ஒருவர் சிறு நிர்வாக முகாமாகத் தொடங்கிய இடம், 1962-இல் விடுதலையோடு தலைநகரமாயிற்று. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். தெருக்கள் துப்புரவானவை, பிளாஸ்டிக் பைகளுக்கு 2008 முதலே தடை. மோட்டார் சைக்கிள் டாக்சியில் பின்னால் அமர்கிறவருக்கும் தலைக்கவசம் கொடுக்கிறார்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் மக்கள் பொதுப்பணிக்காகத் தெருவில் இறங்குவார்கள். 'உமுகாண்டா' என்று அதற்குப் பெயர். அந்த நேரத்தில் கடைகள் திறவா, வண்டிகள் ஓடா. கிசோசி என்னும் குன்றின்மேல் 1994-ஆம் ஆண்டு இனப்படுகொலையின் நினைவிடம் இருக்கிறது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள். அதைக் காணாமல் யாரும் திரும்பக் கூடாது.

இருந்தும் கிகாலி போதாது என்கிறேன். காரணம், நான் அந்தத் தவறைச் செய்தவன். முதல்முறை ஒரு கருத்தரங்கிற்காகச் சென்றபோது ஐந்து இரவும் கிகாலியிலேயே தங்கினேன். ஒரு நாள் காலை நியமாட்டா ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார்கள்; கிகாலிக்குத் தெற்கே சுமார் ஒரு மணி நேரப் பயணம். ஆலயம் காப்பாற்றும் என்று நம்பி உள்ளே ஓடிவந்த ஆயிரக்கணக்கானோர் அங்கே கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய ஆடைகள் பலகை இருக்கைகளின்மேல் குவிக்கப்பட்டிருந்தன. அழுதேன், ஜெபித்தேன், மதிய உணவுக்கு விடுதி திரும்பினேன். அன்று மாலை நண்பர்களோடு காப்பி குடித்துச் சிரித்துக்கொண்டிருந்ததும் நினைவிருக்கிறது. நியமாட்டாவில் இப்போது ஆராதனை கிடையாது. அது நினைவிடம் மட்டுமே. ஆகையால் பார்வையாளனாகப் போய்ப் பார்வையாளனாகத் திரும்புவது எளிதாயிற்று.

இரண்டாம் முறை மேற்கே கிவு ஏரிக்கரையிலுள்ள கரோங்கியில் மூன்று இரவுகள் தங்கினேன். பழைய பெயர் கிபுயே. ஏரிக்குள் நீண்டிருக்கும் மேட்டில் கல்லால் கட்டிய புனித யோவான் கத்தோலிக்க ஆலயம் நிற்கிறது. 1994 ஏப்ரல் 17 அன்று, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே அடைக்கலம் புகுந்திருந்த துத்சி மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். மறுநாள் அதே ஊரின் விளையாட்டு அரங்கில் இன்னும் ஆயிரக்கணக்கானோர். ஆலயத்தின் அருகிலேயே அவர்களுக்கான நினைவிடம் உண்டு. ஆனால் இந்த ஆலயம் மூடப்படவில்லை. இன்றும் மணி அடிக்கிறது; இன்றும் ஜனங்கள் வருகிறார்கள்.

ஞாயிறு காலை நான் பின்வரிசையில் நின்றேன். கின்யருவாண்டா மொழியில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. சமாதானம் பகிரும் வேளையில் சுற்றிலுமிருந்து கைகள் நீண்டன. ஊர்மன்றங்களாகிய 'கச்சாச்சா' விசாரணைகள் 2012 வரை நடந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் பலர் தண்டனை முடித்துத் தங்கள் மலைகளுக்கே திரும்பிய நாடு அது. நான் பற்றிய கை இழந்தவருடையதா, எடுத்தவருடையதா, அதற்குப் பின் பிறந்தவருடையதா என்று எனக்குத் தெரியாது. அங்கே அதைக் கேட்கவும் கூடாது. போகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் கொள்ளுங்கள்: "நீங்கள் ஹுட்டுவா, துத்சியா" என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. அன்று மதியம் என்னால் எங்கும் திரும்பிப் போக முடியவில்லை, தங்கியிருந்ததே அங்கேதான். மாலையில் மூன்று மூன்று படகுகளை இணைத்துக்கொண்டு மீனவர் பாடியபடியே ஏரிக்குள் போனார்கள். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே அதே ஆலயத்தின் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதகனாகிய எனக்கு அந்தப் பகுதி இன்னொரு விதத்திலும் சுடும். முகொனேரோ என்னும் ஊர் அங்கேதான். அட்வென்டிஸ்டு சபையின் மருத்துவமனை வளாகத்தில் ஒளிந்திருந்த போதகர்கள், தங்கள் சபைத் தலைவராகிய எலிசபான் இன்டாகிருட்டிமானாவுக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார்கள். ஏப்ரல் 16, அவர்களுடைய ஓய்வுநாளில், தாக்குதல் நடந்தது. 2003-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்தப் போதகரை இனப்படுகொலைக்குத் துணைநின்றதாகக் குற்றவாளி எனத் தீர்த்துப் பத்தாண்டுச் சிறை விதித்தது. நம் திருநெல்வேலிச் சபைகளை வளர்த்த சி.எம்.எஸ். சங்கமே ருவாண்டாவின் கஹினியிலும் ஊழியம் செய்தது. 1930-களின் கிழக்காப்பிரிக்க எழுப்புதல் அங்கே பற்றியெரிந்து பல நாடுகளுக்குப் பரவியது. எழுப்புதலின் தேசம் எப்படி இப்படியானது என்று நம்மிடையே கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை விடுதி அறையிலிருந்து கேட்பதைவிட கரோங்கியின் இருக்கையில் அமர்ந்து கேட்பது நேர்மையானது. (2018-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே போதகர்களிடம் இறையியல் பட்டம் கேட்கிறது. பட்டம் பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அதன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.)

மற்ற ஊர்களையும் யோசித்தேன். முசான்சே மலைக் கொரில்லாக்களின் வாசல். அனுமதிக் கட்டணம் ஆளுக்கு 1,500 டாலர். விரும்புகிறவர்களைத் தடுக்கவில்லை, ஆனால் குழு முழுவதும் அங்கே தங்க வேண்டியதில்லை. ருபாவு அழகிய ஏரிக்கரை ஊர். ஆனால் எல்லைக்கு அப்பால் உள்ள கோமா நகரம் 2025 ஜனவரியில் கிளர்ச்சிப் படையின் கைக்குள் போனது. முதியோரை அங்கே அழைத்துச்செல்ல மாட்டேன். ஹுயே அமைதியான பல்கலைக்கழக ஊர், நல்ல அருங்காட்சியகம் உண்டு, முராம்பி நினைவிடமும் அருகில். கரோங்கியில் இடம் கிடைக்காவிட்டால் ஹுயே.

என் ஆலோசனை இதுவே: முதல் மூன்று இரவுகள் கிகாலி, பின்பு ஞாயிறு உட்பட நான்கு இரவுகள் கரோங்கி, விமானத்துக்காகக் கடைசி இரவு மறுபடியும் கிகாலி. பெரிய மருத்துவமனைகள் கிகாலியில்தான் உள்ளன. ஆகையால் இருதயச் சிகிச்சையில் இருக்கும் இருவர் அங்கேயே தங்குவது நல்லது. அவர்கள் வீட்டிற்கு நானே வந்து பேசுகிறேன். நிரலை மாற்ற முகவர் கூடுதல் தொகை கேட்பார். சம்மதமா இல்லையா என்பதைப் புதன் ஜெபக்கூட்டத்துக்கு முன் சபைச் செயலரிடம் தெரிவியுங்கள். சம்மதமில்லாதவர்கள் காரணத்தையும் சொல்லுங்கள், கேட்க விரும்புகிறேன்.