இரண்டு பிராசஸர் வாங்கினேன்... ஒன்று எங்கே போச்சு?

'சார், ரெண்டு பிராசஸர் இருக்குன்னு சொல்லித்தான் இந்த கம்ப்யூட்டரை வாங்கினேன். ஆனா விண்டோஸ்ல ஒண்ணுதான் காட்டுது. கடைக்கு போன் பண்ணினா, இன்னொரு பிராசஸர் போயிருக்கும், ஆறாயிரம் ரூபாய் ஆகும்னு சொல்றாங்க. டெஸ்டிங் வாரண்டி முடிய இன்னும் நாலு நாள்தான் இருக்கு. என்ன செய்யட்டும்?'

நெய்வேலிக்குப் பக்கத்தில் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். கல்யாண அழைப்பிதழ் வீடியோக்களை பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணத்தில் செய்து கொடுக்கும் தொழில். பழைய லேப்டாப்பில் ஒரு காட்சியை ரெண்டர் போட்டால் விடிய விடிய ஓடுமாம். முந்திரிக்கொட்டை விற்ற பணத்தில் அப்பா 28,000 ரூபாய் எடுத்துக் கொடுக்க, செகண்ட் ஹேண்ட் ஒர்க்ஸ்டேஷன் ஒன்றை வாங்கியிருக்கிறார். உள்ளே இன்டெல் ஜியான் ஈ5-2670 இரண்டு. ரேம் 32 ஜி.பி.

விஷயம் தெரிந்ததும் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: 'ரெண்டு மாட்டுக்குக் காசு குடுத்துட்டு, ஒத்த மாட்டைத்தான் பூட்டி ஓட்டுறியா?'

பெரியவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அவரிடமிருந்தே ஆரம்பிப்போம். மாடு செத்துவிட்டதா, மாடு நன்றாக இருந்தும் பூட்டப்படவில்லையா? இதற்கு விடை தெரியாமல் ஆறாயிரம் ரூபாயை எடுத்து நீட்டக் கூடாது.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'என் போனிலேயே எட்டு கோர் இருக்கே, இதில் இரண்டுதானா?' என்று சிலர் நினைக்கலாம். கோர் வேறு, பிராசஸர் வேறு. பிராசஸர் என்பது ஒரு வீடு; கோர் என்பது அந்த வீட்டில் வேலை செய்யும் ஆள். உங்கள் போனில் இருப்பது ஒரே வீடு, உள்ளே எட்டுப் பேர். தம்பியின் கம்ப்யூட்டரில் இரண்டு வீடு. வீட்டுக்கு எட்டுப் பேர், மொத்தம் பதினாறு பேர். போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர்.

விண்டோஸில் இதைப் பார்ப்பது சுலபம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு சி.பி.யூ. கீழே சாக்கெட், கோர், லாஜிக்கல் பிராசஸர் என்று எண்ணிக்கை இருக்கும். தம்பிக்கு வர வேண்டியது 2, 16, 32. வந்தது 1, 8, 16. சரியாகப் பாதி.

முதல் சோதனை: பயாஸ்

விண்டோஸ் சொல்வதை உடனே நம்ப வேண்டாம். அதற்கு முன்னால் எழுந்திருப்பது பயாஸ். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். எந்தப் பொத்தான் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கே இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பிராசஸர் இரண்டும் தெரிகிறதா? இன்னொன்று, ரேம் முழுதும் தெரிகிறதா?

ரேமுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இந்த வகை பிராசஸர்களில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. போர்டில் பாதி ரேம் ஸ்லாட்டுகள் முதல் பிராசஸருக்கு, மீதிப் பாதி இரண்டாவதற்கு. இரண்டாவது பிராசஸர் வேலை செய்யாவிட்டால் அதன் பக்கத்து ரேமும் காணாமல் போகும். 32 ஜி.பி. இருக்க வேண்டிய இடத்தில் 16 என்று காட்டினால் கோளாறு வன்பொருளில் இருக்க வாய்ப்பு அதிகம். 32-ம் வந்துவிட்டால் இரண்டாவது மாடு தொழுவத்தில் உயிரோடுதான் நிற்கிறது.

பயாஸிலேயே ஒன்றுதான் தெரிகிறது என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து இவற்றைப் பாருங்கள்:

* இரண்டாவது பிராசஸருக்கென்று தனி பவர் கேபிள் உண்டு, பெரும்பாலும் எட்டு முனை கொண்டது. லாரியில் குலுங்கி வந்த பெட்டிகளில் அது கழன்றிருக்கலாம்.
* இரண்டாவது பிராசஸர் பக்கத்து ஸ்லாட்டுகளில் ரேம் இருக்கிறதா, நன்றாக அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா?
* இரண்டு பிராசஸரும் ஒரே மாடல் எண்தானா? ஒன்று 2670, இன்னொன்று 2650 என்று ஜோடி மாறினால் ஒத்துப்போகாது.
* ஈ5 வரிசையில் கோடுக்கு அடுத்த முதல் இலக்கத்தைக் கவனியுங்கள். 1 என்றால் தனியாக மட்டுமே வேலை செய்யும். 2 என்றால் இரண்டாகச் சேரும். 4 என்றால் நான்கு வரை சேரும். ஈ5-1650 இரண்டு வாங்கி மாட்டினாலும் ஜோடி சேராது.
* சாக்கெட்டில் மயிரிழை போன்ற ஊசிகள் இருக்கும். ஒன்று வளைந்தாலும் வம்புதான். பிராசஸரைக் கழற்றுவதை நீங்களே முயல வேண்டாம். பழகிய கைக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சோதனை: விண்டோஸின் பதிப்பு

பயாஸில் இரண்டும் தெரிகிறது, விண்டோஸில் மட்டும் ஒன்று என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான். விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். ஹோம் பதிப்பா, ப்ரோ பதிப்பா என்று சொல்லிவிடும்.

ஹோம் என்றால் அது ஒற்றை மாட்டு வண்டி. ஒரு சாக்கெட்டுக்கு மேல் பயன்படுத்தாது. ப்ரோ இரண்டு சாக்கெட் வரை ஏற்கும். ஒர்க்ஸ்டேஷனுக்கான ப்ரோ என்று தனியாக ஒன்று உண்டு. அது நான்கு வரை. இது கோளாறு இல்லை, மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் உரிம விதி. 2001-ல் வந்த எக்ஸ்.பி. காலத்திலேயே ஹோமுக்கு ஒன்று, புரொஃபஷனலுக்கு இரண்டு என்றுதான் இருந்தது. அதற்கும் முந்தைய விண்டோஸ் 95, 98 இரண்டும் எத்தனை பிராசஸர் இருந்தாலும் ஒன்றைத்தான் பயன்படுத்தின.

மூன்றாவது சோதனை: யாராவது டிக் போட்டார்களா?

விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று தட்டுங்கள். பூட் என்ற பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே பிராசஸர்களின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கும். 'இதில் டிக் போட்டு பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் கம்ப்யூட்டர் பறக்கும்' என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். நம்பாதீர்கள். அந்தக் கட்டம் கூட்டுவதற்கு இல்லை, குறைப்பதற்கு. டிக் இல்லாவிட்டால் விண்டோஸ் தன்னால் முடிந்த எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும். யாராவது டிக் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு பிராசஸர் மட்டும் உள்ள சாதாரண கம்ப்யூட்டரில் கோர்கள் குறைவாகத் தெரிந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நான்காவது சோதனை: சாட்சிக்கு லினக்ஸ்

காசு செலவில்லாத சோதனை. உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'இன்ஸ்டால்' பக்கம் கை போகக் கூடாது. டெர்மினலைத் திறந்து எல், எஸ், சி, பி, யூ என்ற ஐந்து எழுத்தைச் சின்ன எழுத்தில் தட்டினால் சாக்கெட் எத்தனை என்று சொல்லிவிடும். லினக்ஸுக்கு ஹோம், ப்ரோ என்ற பாகுபாடு கிடையாது. 1996-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட பிராசஸர்களை அது கையாள்கிறது. அங்கே 2 என்று வந்தால் பிராசஸர் நலம். கடைக்காரரிடம் காட்ட அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கையும் எழுதி அனுப்பினேன். அன்று ராத்திரியே பதில் வந்தது. பயாஸில் இரண்டு பிராசஸர், 32 ஜி.பி. ரேம். விண்டோஸ் 10 ஹோம். டிக் எதுவும் இல்லை. லினக்ஸில் சாக்கெட் 2. கடையில் வேலை பார்ப்பவர், வரும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போடும் அதே பென் டிரைவை இதற்கும் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆறாயிரம் ரூபாய் தப்பியது.

சரி, ப்ரோவுக்குக் காசு கட்டி மாறலாமா? செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதி வழியாக மாறலாம். ஃபைல்கள் அப்படியே இருக்கும். ஆனால் தம்பியிடம் வேண்டாம் என்றேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2012-ல் வந்த இந்த ஜியானை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. போகிற வண்டிக்குப் புது நுகத்தடி எதற்கு? பிளெண்டர் லினக்ஸிலும் இலவசமாக ஓடும். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ப்ரோ கீ தருகிறேன் என்று வரும் விளம்பரங்களின் பக்கமும் போக வேண்டாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. இரண்டு பிராசஸர் வந்ததும் எல்லாமே இரட்டை வேகம் ஆகிவிடாது. பிரவுசர், கணக்கு எழுதும் மென்பொருள் போன்றவற்றில் பெரிய வித்தியாசம் தெரியாது. ரெண்டரிங் மாதிரி, வேலையைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்க முடிகிற இடத்தில்தான் பலன். அடுத்தது மின்சாரம். ஈ5-2670 ஒன்றின் வெப்ப அளவு 115 வாட். இரண்டும் முழு மூச்சாக உழைத்தால் அவற்றுக்கு மட்டுமே 230 வாட் ஆகும். வீட்டில் இருக்கும் சின்ன யு.பி.எஸ். தாங்குமா என்று பார்த்துவிட்டு ரெண்டர் போடுங்கள். நெய்வேலிக்குப் பக்கத்தில் இருந்தாலும் கரண்ட் போகிற நேரத்தில் போகும்!

'இரண்டாவது பிராசஸர்' என்றதும் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. 1980-களில் இந்தியா அமெரிக்காவிடம் கிரே எக்ஸ்-எம்.பி. 24 என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கேட்டது. முதல் இலக்கம் பிராசஸர் எண்ணிக்கை; அதாவது இரண்டு. அவர்கள் தர ஒப்புக்கொண்டதோ எக்ஸ்-எம்.பி. 14, ஒற்றைப் பிராசஸர். அதுவும் வானிலைக் கணிப்புக்கு மட்டும். அது டெல்லிக்கு வந்தது 1988-ல். அதே ஆண்டு புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. பல சின்னப் பிராசஸர்களை ஒன்றாகப் பூட்டி, 1991-ல் பரம் 8000 என்ற நம்முடைய சூப்பர் கம்ப்யூட்டரைச் செய்து காட்டினார்கள். ஒரு நாடு கேட்டும் கிடைக்காத இரண்டாவது பிராசஸர், இன்று ஒரு முந்திரித் தோப்பு வீட்டில் மேசைக்குக் கீழே இருக்கிறது. அதை வேலை செய்ய விடாமல் வைத்திருந்தால் எப்படி?

செகண்ட் ஹேண்டில் இப்படி வாங்குகிறவர்கள், காசு கொடுக்கும் முன் கடையிலேயே பயாஸ் திரையைக் காட்டச் சொல்லுங்கள். பிராசஸர் எண்ணிக்கை, ரேம் அளவு இரண்டையும் பார்த்து, பில்லில் மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். ஐந்து நிமிட வேலை.

தம்பி போன வாரம் மறுபடி எழுதினார். லினக்ஸுக்கு மாறிவிட்டாராம். ஒரு கம்ப்யூட்டரில் 40 நிமிடம் எடுத்த காட்சி இப்போது 22 நிமிடத்தில் முடிகிறதாம். அப்பா வந்து திரையை எட்டிப் பார்த்து, 'இப்ப ரெண்டும் இழுக்குதா?' என்று கேட்டாராம். 'இழுக்குதுப்பா' என்றதும், வேறு எதுவும் சொல்லாமல் தோப்புக்குக் கிளம்பிவிட்டாராம்.