தியேட்டர் பட்டியலில் இருக்கும் பெயர் ஆய்வுக் கட்டுரையில் எங்கே?

பூவரசங்குளத்தில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். முதலில் கொஞ்சக் காலம் யாரிடமும் சொல்லமாட்டாள். தாய்க்கோ தமக்கைக்கோ சொன்ன பிறகு மன்னார் வீதியில் பஸ் ஏறி வவுனியா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போவாள். அங்கே வரிசையில் இருந்துகொண்டு பக்கத்தில் இருப்பவளிடம் மெல்லக் கேட்பாள்: "லேடி டொக்டர் ஒருத்தரும் இல்லையோ அக்கா?" புற்றுநோய் என்று உறுதியானால் தெல்லிப்பழை அல்லது மகரகம புற்றுநோய் வைத்தியசாலை.

அவள் ஏன் பிந்தி வந்தாள், எந்தக் கட்டத்தில் நோய் பிடிபட்டது, சத்திரசிகிச்சைக்குப் பிறகு கிளினிக்குக்கு ஒழுங்காக வரமுடிந்ததா என்பதெல்லாம் எழுதப்படவேண்டிய விடயங்கள். அவளுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்தான் அவற்றை எழுதக்கூடியவர். அவரும் பெண்ணாக இருந்தால் அவள் மறைக்காமல் சொல்லியிருப்பாள். ஆனால் எழுத நேரமும் வசதியும் மிகக் குறைவாகக் கிடைப்பது அந்தப் பெண் சத்திரசிகிச்சை நிபுணருக்குத்தான். நாங்கள் வைக்கும் முறைப்பாடு அதுவே.

வன்னியில் மட்டுமல்ல, வசதியான நாடுகளிலும் இதே கதைதான். ஆறு பெரிய மருத்துவ இதழ்களில் அமெரிக்க நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் எழுதிய கட்டுரைகளை ஆராய்ந்த முடிவுகள் 2006இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் இதழில் வெளிவந்தன. சத்திரசிகிச்சைக்கான அனல்ஸ் ஒஃப் சேர்ஜரியில் 1970இல் முதல் ஆசிரியராகப் பெண் இருந்த கட்டுரைகள் 2.3 சதவீதம், 2004இல் 16.7 சதவீதம். கடைசிப் பெயர் பெண்ணாக இருந்தவை 0.7இலிருந்து 6.7 சதவீதத்துக்குத்தான் வந்தன. மகப்பேற்று மருத்துவ இதழில் அதே 2004இல் முதல் ஆசிரியர்களில் 40.7 சதவீதம் பெண்கள். பெண்களுக்கு எழுத வராது என்று சொல்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பது சின்ன விடயமல்ல. வேலையைச் செய்து எழுதியவர் முதலில் வருவார். பிரிவுத் தலைவர் அல்லது வழிநடத்தியவர் கடைசியில் வருவார். நடுவில் நிற்பவர்களை யாரும் கவனிப்பதில்லை. பேராசிரியர் பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் இதைத்தான் பார்க்கிறார்கள். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் என்று அறியப்படும் சென்னை டி. எஸ். கனகா, 1970களில் மூளையின் ஆழப்பகுதிச் சத்திரசிகிச்சையில் உலகம் கவனித்த வேலைகளில் பங்கெடுத்தவர். அந்தக் காலக் கட்டுரைகள் சிலவற்றில் பாலசுப்பிரமணியம், கனகா, ராமமூர்த்தி என்றுதான் வரிசை. யார் எவ்வளவு செய்தார்கள் என்று இப்போது தீர்ப்பளிக்க நான் வரவில்லை. ஆனால் நடு இடம் யாருக்கு வாய்க்கிறது என்பதைக் கவனிக்காமல் விடவும் முடியவில்லை.

எங்கள் நாட்டில் இது எப்படி நடக்கிறது? மருத்துவ பீடங்களில் நுழைபவர்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். சத்திரசிகிச்சையைத் தெரிவுசெய்பவள் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பயிற்சி, பரீட்சை, பிறகு வெளிநாட்டுப் பயிற்சி என்று முப்பதுகளின் நடுவரை ஓடவேண்டும். குழந்தை பெறும் வயதும் அதுதான். அரச உத்தியோகத்தில் முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் பிரசவ லீவு உண்டு. அந்த நாட்களில் ஆய்வை யார் தொடர்வது என்பதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை. திரும்பி வரும்போது கட்டுரை வேறொருவர் பெயரில் போயிருக்கலாம். கொரோனாக் காலத்தில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. பள்ளிக்கூடங்கள் மூடியதும் வீட்டுவேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. 2020இல் வந்த கொவிட் கட்டுரைகளில் பெண் முதல் ஆசிரியர்களின் பங்கு, அதே இதழ்களின் முந்தைய ஆண்டுக் கட்டுரைகளோடு ஒப்பிட 19 சதவீதம் குறைந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில மருந்துக்கே இழுபறி, இதுக்குள்ள கட்டுரையோ?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கனடாவின் ஒன்ராறியோவில் 13 இலட்சம் நோயாளர்களைப் பார்த்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஆண் நிபுணர் சத்திரசிகிச்சை செய்த பெண் நோயாளர்களுக்கு, பெண் நிபுணர் செய்தவர்களைவிட இறக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடுதலாக இருந்தது. கணக்கெடுத்து எழுதியபடியால்தான் இது தெரியவந்தது. காரணம் என்னவென்று அங்கே வாதம் நடக்கிறது. இந்தக் கேள்வியை இங்கே கேட்டுப் பார்ப்பவர் யார்? யுத்தத்துக்குப் பிறகு மெனிக் பாம் முகாமைத் தாண்டி வந்த பெண்களில் இன்னும் உடம்பில் ஷெல் துண்டுகளோடு வயலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துண்டுகளை எப்போது எடுப்பது, எப்போது விட்டுவைப்பது என்று வேறு நாட்டுப் பாடப்புத்தகத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுப்பது போதாது.

பெண் வைத்தியர் எங்களுக்குப் புதிதுமல்ல. இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியோட் வைத்தியசாலை 1898இலேயே வந்துவிட்டது. டொக்டர் இசபெல்லா கேர் அங்கே நீண்டகாலம் வேலைசெய்தார். 2024இல் கிளிநொச்சியில் நெதர்லாந்து உதவியோடு பெண்கள் சுகாதாரத்துக்கென்று ஒரு சிறப்பு மையம் திறந்தார்கள். கட்டடம் வந்துவிட்டது. அங்கே செய்யப்படும் வேலையை எழுதுவதற்கு மணித்தியாலம் ஒதுக்குங்கள் என்பதுதான் கோரிக்கை.

வாரத்தில் ஒரு அரைநாளாவது தியேட்டரும் கிளினிக்கும் இல்லாத ஆய்வு நேரம், வடக்கின் எல்லா மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும், பணி அட்டவணையிலேயே எழுதப்படவேண்டும். வாய்ச்சொல்லில் விட்டால் அந்த நேரத்துக்கும் ஒரு கிளினிக் வந்து குந்திவிடும். பதவி உயர்வுக்கு ஆண்டுகளைக் கணக்கிடும்போது பிரசவ லீவுக் காலத்தைக் கழித்துவிடவேண்டும். இலங்கை சத்திரசிகிச்சை நிபுணர்கள் கல்லூரி, தன் இதழில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் பெண்ணாக வந்த கட்டுரைகள் எத்தனை, எந்த மாகாணத்திலிருந்து என்று ஆண்டுதோறும் அச்சிடட்டும். ஆய்வு தொடங்கும்போதே பெயர் வரிசையை எழுத்தில் உறுதிசெய்யும் வழக்கத்தைப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் பயிற்சியாளர்களிடமிருந்தே தொடங்கலாம்.

கடைசியாக ஒன்று. பூவரசங்குளத்திலிருந்து வவுனியாவுக்குப் போகும் பஸ் பம்பைமடுவைத் தாண்டித்தான் போகிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. மருத்துவ பீடம் இல்லை. கணிதமும் கணினியும் படிப்பிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வாட்டுப் பதிவேடுகளில் கிடக்கும் தரவை ஒழுங்குபடுத்தி, புள்ளிவிபரம் போட்டுக் கொடுக்க அவர்களால் முடியும். வைத்தியசாலைப் பணிப்பாளரும் பல்கலைக்கழக நிர்வாகமும் ஒரு மேசையில் இருந்து பேசினால் இந்த ஆண்டிலேயே அதைத் தொடங்கலாம். முதல் ஆய்வுக்குத் தலைப்பும் தயாராக இருக்கிறது: மன்னார் வீதியோரக் கிராமங்களிலிருந்து மார்புக் கட்டியோடு வரும் பெண்கள் ஏன் பிந்துகிறார்கள்?