முகத்துக்கு உரியவர்

ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து ஒரகடம் பக்கம் திரும்பும் ஷிப்ட் பேருந்துகளின் ஜன்னலில் ராஜீவ் காந்தி நினைவிடம் தெரியும். 1991 மே 21 இரவு அங்கே அவரைக் கொன்ற குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் அரிபாபு என்ற இளம் புகைப்படக்காரரும் ஒருவர். அவருடைய கேமரா மட்டும் தப்பியது. அதிலிருந்த படச்சுருள்தான் கொலையாளிகளை அடையாளம் காட்டியது.

ஆனால், ஈழப் போராளிகள் செய்த அந்தக் கொலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஈழத்து அகதிகள் மீதும் சந்தேகம் படிந்தது. 1992 ஜனவரியில் அவர்களைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. இங்கேயே தங்கியவர்களின் முகாம்களுக்குள் வெளியாள் போக அனுமதி வேண்டும்; காவல்துறையின் கியூ பிரிவின் கண் எப்போதும் இருக்கும். அடையாள அட்டைக்கும் விசாரணைக்கும் கேமரா முன் நின்று பழகியவர்கள் அவர்கள். நிதி திரட்டும் நல்ல எண்ணத்தோடு போகிறவரும் இதை நினைவில் வைத்துத்தான் கேமராவை எடுக்க வேண்டும்.

படத்தால் பணம் வரும் என்பதில் சந்தேகமில்லை. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் இறந்து ஒதுங்கிய சிறுவன் ஆலன் குர்தியின் படம் வெளியானதும், சிரிய அகதிகளுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய நிதிக்கு நாள்தோறும் வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை 100 மடங்குக்கு மேல் கூடியது. சில வாரங்களில் அது சரிந்தும்விட்டது. இரக்கம் வந்த வேகத்தில் வடிந்துவிடும்.

பெஷாவர் அருகே நாசிர் பாக் முகாமில் 1984இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படத்தை உலகமே அறியும். மறு ஆண்டு ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழின் அட்டையில் வந்தது. ஷர்பத் குலா என்ற அவர் பெயர் 2002இல்தான் தெரியவந்தது. தன் படத்தை அதுவரை அவர் பார்த்ததே இல்லை. ஆப்கன் சிறுமிகளின் கல்விக்காக அந்த இதழ் நிதியம் ஒன்றைத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். அத்தனை ஆண்டுகள் அந்த முகத்துக்குப் புகழ் இருந்தது. முகத்துக்கு உரியவருக்கு எதுவும் இல்லை. 2016இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைதானார். உலகப் புகழால் அவருக்கு ஒரு முறையான ஆவணம்கூட வாங்கித்தர முடியவில்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

இதற்கு மாற்றுவழி நம் ஊரிலேயே இருக்கிறது. மதுரை அருகே ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார், துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருபவர். 2022இல் தயனிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். அவர் தான் எடுப்பதோடு நிற்கவில்லை. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றும் தருகிறார். பரிதாபத்துக்குரியவராக யாரோ நம்மைக் காட்டுவது வேறு, நம் வீட்டை நாமே காட்டுவது வேறு.

ஒரகடம் வட்டாரத்தின் பெரிய நிறுவனங்கள் சட்டப்படி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் சிறு பங்கை ஈழத்து அகதிகளின் மறுவாழ்வு முகாம் இளைஞர்களின் புகைப்படப் பயிற்சிக்கும் கண்காட்சிக்கும் ஒதுக்கலாம். சென்னைக்கு வடக்கே புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்கள் இருக்கின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை கிடைக்காத தலைமுறை அங்கே வாழ்கிறது. அவர்கள் எடுக்கும் படங்கள் விற்றால் அந்தப் பணம் அவர்களுக்கே போகட்டும். பெரிய அட்டைக் காசோலையை ஏந்தி அதிகாரிகள் சிரிக்கும் படம் இதற்குத் தேவையில்லை.

படம் எடுக்கும்முன் சம்மதம் கேளுங்கள். வேண்டாமென்றால் கேமராவை மூடுங்கள். முதல் பிரதியைப் படத்தில் இருப்பவருக்கே கொடுங்கள். எவ்வளவு திரண்டது, எதற்குச் செலவானது என்ற கணக்கை நன்கொடையாளருக்கு அனுப்புமுன் முகாமில் எல்லோர் முன்னும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் முகத்தைக் காட்டித் திரட்டிய பணத்துக்கு முதலில் அவர்களிடம்தான் பதில் சொல்ல வேண்டும்.