வேலிச் செடி: உயரமா, வேரா?

புதுமனை கட்டி முடித்த குடும்பத்தார் அடுத்துக் கவலைப்படுவது வேலியைப் பற்றித்தான். மதிற்சுவர் எழுப்பக் கையில் பணம் மிஞ்சியிராது. கம்பிவேலி இட்டாலோ மரக்காணத்து உப்பங்காற்று அதனைச் சில ஆண்டுகளிலேயே துருவாக்கி உதிர்த்துவிடும். ஆகவே உப்பளக் கரையில் வாழ்வோர்க்கு உயிர்வேலியே ஏற்றது. ஆனால் நாற்றுப் பண்ணைக்குச் சென்றதும் உள்ளத்தில் ஒரு தடுமாற்றம் எழுகிறது. ஆளுயரச் செடியை வாங்கினால் இன்றே மறைவு கிடைக்கும். ஓரடிச் செடியை வாங்கினால் ஈராண்டு காத்திருக்க வேண்டும். எதனை வாங்குவது?

சிறு செடியே நன்று என்பது நம் கருத்து. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, தண்ணீர். பையில் வளர்ந்த உயரமான செடிக்கு இலை மிகுதி. வேரோ பையின் அளவே. கடற்காற்று இலைகளின் ஈரத்தை ஓயாது உறிஞ்சும். மண்ணிலுள்ள உப்போ வேர் நீரை எடுக்கவொட்டாமல் தடுக்கும். வரவு சுருங்கிச் செலவு பெருகிய குடும்பத்தின் நிலைதான் அச்செடிக்கும். சிறு செடிக்குத் தேவை குறைவு. ஆகவே அது விரைவில் வேரூன்றித் தன் காலில் நிற்கிறது.

இரண்டாவது, காற்று. நெடுநாள் பையில் அடைபட்ட வேர் சுருண்டு வளையமாகிவிடும். நட்டபின்னும் அது எளிதில் நேராவதில்லை. பெருங்காற்றில் செடி சாய்ந்துவிடும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிய இக்கடற்கரையில்தான் கரையேறின என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது, அடர்த்தி. வேலிக்கு அழகு உயரமன்று, அடியில் இடைவெளியின்மையே. சிறு செடி வேர்பிடித்ததும் அரையடி உயரத்தில் நுனியைக் கிள்ளினால் அடியிலிருந்தே கிளைக்கும். ஆளுயரச் செடியின் அடிப்பகுதி வெறுந்தண்டாக நிற்கும். ஆட்டுக்குட்டிக்கு அதுவே வாயில்.

வேலிக்கு மண்ணே முதல் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. வியப்பு என்னவெனில், அதுவும் உப்போடு தொடர்புடையது! வரி கட்டாத உப்பு உள்நாட்டிற்குள் புகாதபடி ஆங்கிலேய அரசு வடநாட்டில் நெடியதொரு சுங்க எல்லையை வகுத்து, அதில் பல இடங்களில் முள்வேலி வளர்த்தது. 1869-இல் அவ்வெல்லை சிந்துவிலிருந்து மகாநதிவரை சுமார் 2,300 மைல் நீண்டிருந்தது. அப்போது சுங்க ஆணையராயிருந்த ஹியூம் எந்த மண்ணுக்கு எச்செடி தகும் என்று சோதித்தறிந்தார். இலந்தை, கருவேல், களா, கள்ளி ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்டன. மண் கெட்ட இடங்களில் அதனை அகற்றி நல்ல மண் இட்டனர். வெள்ளம் தேங்குமிடத்தில் கரை உயர்த்தி அதன்மேல் நட்டனர். ஏழைகளின் உப்பைத் தடுத்த அவ்வேலி 1879-இல் கைவிடப்பட்டது. நோக்கம் கொடிது, வளர்த்த முறையோ நமக்குப் பாடம்.

நாமும் அவ்வாறே ஓரடி உயர வரப்புக் கட்டி, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புவோம். கோடையில் உப்பு மண்ணின் மேற்பரப்பிற்கு ஏறும். ஐப்பசி மழை அதனைக் கழுவிக் கீழிறக்கும். அப்போதே நடுதல் வேண்டும். உப்பு விளைச்சலுக்குப் பகையான மழை, வேலிக்கு உறவு. ஆயினும் உப்பளத்தில் வேலை ஓய்ந்து, கூலி நின்றுபோகும் மாதங்களும் அவையே. அந்நாளில் உயரச் செடிக்குப் பணம் கொடுத்து அது பட்டுப்போனால் இழப்பு அடுப்பங்கரைவரை எட்டும்.

100 அடி நீள வேலிக்கு அடிக்கு ஒன்றாக 100 செடிகள் போதும். பட்டுப்போவதற்கு ஈடாகப் பத்துச் செடிகளைக் கூடுதலாக வாங்கி, நிழலில் வைத்துக்கொள்க. கொடுக்காப்புளி, மருதாணி, சங்கஞ்செடி ஆகியவை இங்கே தகும். ஓரடி முதல் ஒன்றரையடி உயரமும், உறுதியான தண்டும் உள்ளவற்றைத் தேர்க. பையின் துளை வழியே தடித்த வேர் வெளிவந்திருந்தால் அச்செடி வேண்டா.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. பூவரசையும் கிளுவையையும் போத்தாகவே நடலாம். மணிக்கட்டுப் பருமனும் ஐந்தடி நீளமும் உள்ள பூவரசம் போத்துகளைப் பத்தடிக்கு ஒன்றாக நட்டால் அவை தூண்களாக நிற்கும். இடையே சிறு செடிகளை வைத்து, வெளிப்புறம் பனைமட்டை அடைப்புக் கட்டினால் ஈராண்டுக்கு ஆடு அணுகாது.

பனையை வேண்டுவோர் கன்று தேடி அலைய வேண்டுவதில்லை. பனங்கொட்டையை உரிய இடத்திலேயே புதைத்தல் போதும். அதன் வேர் முதலில் ஆழத்தை நோக்கியே செல்லும். இலை பிறகுதான் வெளிவரும். செடி வாங்கச் செல்லும் நாமும் அந்த வரிசையிலேயே பார்ப்போமாக: வேர் முதலில், உயரம் பிறகு.