சீட்டும் பரிசும்: தங்கவயல் குடும்பங்களுக்கு எது துணை?

கோலார் தங்கவயல்: சம்பளம் கைக்கு வந்ததும் சீட்டுப் பணத்தை முதலில் எடுத்து வைப்பது தங்கவயல் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். வங்கியில் போட்டால் வட்டி நிச்சயம். ஆனால் மாதம் தவறாமல் போட வைக்க அங்கே ஆள் இல்லை. சீட்டில் தவணை தவறினால் நாலு பேர் கேட்பார்கள். ஏலத்தில் கழிவு கிடைக்கும் என்ற ஆசையும் இழுக்கும்.

சுரங்கம் நடந்த காலத்தில் சேமிப்புக்கு இந்த ஆசை அவ்வளவு தேவைப்படவில்லை. வருங்கால வைப்பு நிதி சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதோடு அந்தப் பிடித்தமும் போயிற்று. இன்று மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூரு சென்று தினக்கூலிக்கு உழைப்பவருக்கு, சேமிப்பு முழுக்க அவரவர் மன உறுதியைப் பொறுத்தது. பரிசு காட்டி அழைப்பவர்களுக்கு இதுவே வாய்ப்பு.

எடுத்தவரும் கட்டும் சீட்டு

ஏலச்சீட்டின் கணக்கு எளிது. 20 பேர், மாதம் 1,000 ரூபாய், 20 மாதம். ஒருவர் 4,000 ரூபாய் தள்ளி ஏலம் எடுத்தால் 16,000 பெறுவார். நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம் என்றால் 1,000 போக, மிச்சம் 3,000 ரூபாய் 20 பேருக்கும் தலைக்கு 150 வீதம் பிரியும். அவசரக்காரருக்குக் கடன், காத்திருப்பவருக்கு லாபம். முக்கியமான விஷயம், சீட்டு எடுத்தவர் ஜாமீன் கொடுத்து கடைசித் தவணை வரை கட்டியாக வேண்டும். 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டம் இதை வரையறுக்கிறது. 2019 திருத்தத்தின்படி கமிஷன் உச்சவரம்பு 7 சதவீதம்.

விழுந்தவர் விலகும் சீட்டு

குலுக்கல் சீட்டு வேறு ஜாதி. பெயர் விழுந்தவர் பரிசை வாங்கிக்கொண்டு மறுமாதம் முதல் கட்ட வேண்டியதில்லை. இடையில் நின்றவர் கட்டிய பணம் கைவிட்டுப் போகும். 1975இல் ரிசர்வ் வங்கியின் ஜேம்ஸ் ராஜ் குழு இதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. 1978இல் தடைச் சட்டம் வந்தது. ஆசை மட்டும் சாகவில்லை. கர்நாடகம் 2007இல் லாட்டரியை நிறுத்தியபின் அது கைபேசிக்குக் குடிபெயர்ந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

முதலுக்கு மோசமில்லாத பரிசு

பரிசே தவறு என்பதல்ல. பிரிட்டன் 1956இல் தொடங்கிய பிரீமியம் பத்திரங்கள் இன்றும் விற்பனையாகின்றன. அவற்றுக்கு வட்டி கிடையாது. அந்த வட்டிதான் குலுக்கலில் பரிசாகிறது. போட்ட முதல் பத்திரமாக இருக்கும். இந்திய அரசும் 1960இல் 5 ரூபாய், 100 ரூபாய் பரிசுப் பத்திரங்களை வெளியிட்டது. தோற்றவர் இழப்பது வட்டியை மட்டுமே. லாட்டரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கடனைத் திருப்புவதற்கும் பரிசு உண்டு. குறித்த காலத்தில் பயிர்க்கடன் கட்டும் விவசாயிக்கு 7 சதவீத வட்டி 4 சதவீதமாகக் குறைகிறது. நகரத்தில் குழுக்கடன் வாங்கும் பெண்களுக்கோ வாசலில் வந்து நிற்கும் வசூல்காரரே நினைவூட்டல். அந்தக் கெடுபிடி எல்லை மீறியதால் கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மிரட்டலைத் தடுத்தால் மட்டும் போதாது. ஒழுங்காகக் கட்டியவருக்கு வட்டியில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தால், கடைசித் தவணையை அவரே தேடி வந்து கட்டுவார்.

அதுவரை, பரிசு என்று யார் வந்து சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பது நல்லது. சீட்டு பதிவாளரிடம் பதிவானதா? பரிசுப் பணம் வட்டியிலிருந்து வருகிறதா, அடுத்தவர் முதலிலிருந்தா? விழுந்தவர் தொடர்ந்து கட்டுகிறாரா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் தடுமாறினாலும் பணத்தை வெளியே எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.