அப்பாவின் ஊறுகாய் பாட்டில்

நான் பி.காம். கெமிஸ்ட்ரிக்குப் பத்தாம் வகுப்போடு பெரிய கும்பிடு போட்டவன். இருந்தாலும் போன ஞாயிற்றுக்கிழமை ப்ளஸ் டூ படிக்கும் அக்கா பெண் நோட்டும் கையுமாக வந்து நின்றாள். “நீராற்பகுத்தல் மாமா. எதுலேர்ந்து என்ன கிடைக்கும்னு நான் எழுதறேன். நீங்க கணக்கு மட்டும் சரி பாருங்க.”

கணக்கு என்றதும் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் பாகப்பிரிவினைதான் சார். எஸ்டர் ஒரு கூட்டுக் குடும்பம். தண்ணீர் நடுவில் புகுந்து பிரிக்கும், பிரித்ததோடு தன்னையும் இரண்டாக்கிப் பங்கு கொடுக்கும் (எந்த நாட்டாமை இப்படிச் செய்வார்?). ஒரு ஆக்ஸிஜனை இரட்டைப் பிணைப்பில் பிடித்திருக்கும் கார்பனைத் தேடணும். அதற்கும் பக்கத்து ஒற்றைப் பிணைப்பு ஆக்ஸிஜனுக்கும் நடுவேதான் வெட்டு. கார்பனுக்கு ‘ஓஹெச்’, அது ஆசிட். எதிர்க்கட்சி ஆக்ஸிஜனுக்கு வெறும் ‘ஹெச்’. அவ்வளவுதான்.

கடைசிக் கேள்வி ஆஸ்பிரின். சாலிசிலிக் ஆசிட், அசிட்டிக் ஆசிட் என்று எழுதினாள். மூலக்கூறு எடையைக் கூட்டினேன். இந்தப் பக்கம் 180, தண்ணீர் 18, ஆக 198. அந்தப் பக்கம் 138, 60, அதுவும் 198. ட்ரையல் பேலன்ஸ் முதல் தடவையே டேலியானால் வரும் சுகம் இருக்கிறதே!

“அசிட்டிக் ஆசிட்னா வினிகர் மாமா. பழைய ஆஸ்பிரின்ல அந்த வாசனை வருமாம்.”

எனக்குச் சுரீரென்றது. அப்பாவுக்கு ஹார்ட்டில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம். தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். மனிதர் அட்டையிலிருந்து மொத்தமாகப் பிதுக்கி, பழைய ஊறுகாய் பாட்டிலில் கொட்டி, பாத்ரூம் ஷெல்ஃபில், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். புளித்த வாடை வரும்தான். ஊறுகாய் பாட்டில்தானே என்று விட்டிருந்தோம்!

ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்வதே, தன்னிடமுள்ள அந்த அசிட்டைல் துண்டை அங்குள்ள என்சைமில் ஒட்டித்தான். ஆவி பட்டு அது கழன்றுவிட்டால் மிஞ்சுவது சாலிசிலிக் ஆசிட். கால் ஆணி ப்ளாஸ்திரியில் தடவுகிற சரக்கு.

ஓடிப்போய்ப் புது அட்டை வாங்கி வந்தேன். அப்பா ரிட்டயர்டு அக்கவுண்டன்ட். என் 198-ஐக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் டேலி ஆறதேடா. அப்புறம் நஷ்டம் எங்கே?”

மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினேன். பாட்டிலைப் பிடுங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். மாங்காய் சீசன் வருகிறதாம்.